தோற்பார்கள் என்று நம்பி வைத்த கல்யாணத் தேதி

போத்லுகி,
புதன்கிழமை காலை.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி கொர்னேல் அவர்களுக்கு, மாப்பிள்ளை டிபோரின் அப்பா வின்சென்ட் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுப் பணிவுடன் எழுதுவது. நானும் என் மனைவி அல்ஷ்பெதாவும் நலம். தாங்களும் சம்பந்தியம்மாளும் தங்கள் தேனீக்களும் நலம்தானே?

வரும் சனிக்கிழமை நடக்கவிருக்கும் நம் பிள்ளைகளின் கல்யாணத்தை இரண்டு வாரம் தள்ளிவைக்க வேண்டும். கடிதத்தைக் கிழிக்காமல் மேலே படியுங்கள்.

தேதி குறித்த பாவி நான்தான். டிபோர் ஆடும் எங்கள் ஊர் ஐஸ் ஹாக்கி அணி பத்தொன்பது வருடமாக மார்ச் மாதமே காலிறுதியில் தோற்று வீட்டுக்குப் போகிற அணி. சூரியன் மேற்கே உதித்தாலும் இவர்கள் ஏப்ரலில் ஆடமாட்டார்கள் என்று நம்பி ஏப்ரல் ஆறு என்று சொன்னேன். என் நாக்கில் சனி. காலிறுதியை ஜெயித்துத் தொலைத்தார்கள். அரையிறுதியில் இரு அணியும் மும்மூன்று ஆட்டம் ஜெயித்து, இன்று மாலை முடிவு தெரியும் ஏழாவது ஆட்டம். ஜெயித்தால் சனிக்கிழமையே இறுதிப் போட்டி தொடங்கிவிடும். தோற்றால் கல்யாணத்துக்குத் தடையில்லை. ஆனால் பெற்ற பிள்ளை தோற்க வேண்டும் என்று கும்பிட எனக்குக் கை குவிய மாட்டேன் என்கிறது, சம்பந்தி.

எங்கள் குடும்பமே தடுக்கப் பிறந்த குடும்பம். என் அப்பா கோல்கீப்பர். நான் முப்பது வருடம் அரங்கத்தில் பனித்தளத்தை வழித்து மெழுகும் வண்டி ஓட்டியவன். டிபோர் தடுப்பாட்டக்காரன். மூன்று தலைமுறைக்கும் சேர்த்து நாங்கள் போட்டது நான்கு கோல். நான்கும் டிபோர் பதினோரு வருடத்தில் போட்டவை. அதற்குள் அவனுக்குப் போன பல் ஐந்து. மலை மாதிரி ஆட்களை மோதித் தள்ளுகிறவன், உங்களுக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னதும் என்னிடம் பேனாவைக் கொடுத்துவிட்டு ஓடிவிட்டான்.

ஊரின் நிலைமையையும் சொல்ல வேண்டும். ஜெயிக்கிற வரை எதையும் மாற்றக் கூடாது என்பது இங்கே சட்டம். பாதிரியார் உட்பட யாரும் சவரம் செய்வதில்லை. முதல் ஆட்டத்தை நான் சலவை இயந்திரத்தின் மேல் உட்கார்ந்து ரேடியோவில் கேட்டேன், ஜெயித்தார்கள். அன்றிலிருந்து அல்ஷ்பெதா என்னை அங்கேதான் உட்கார்த்துகிறாள். தங்கள் மகள் யர்மிலாவோ எங்கள் ஊர்த் தையற்கடையிலிருந்து கல்யாணக் கவுனைப் போட்டபடியே ஆட்டம் பார்க்க ஓடி வந்துவிட்டாள். அன்றும் வெற்றி. பயிற்சியாளர் அவள் முன்னால் மண்டியிட்டு, "தாயீ, இனிமே எல்லா மேட்சுக்கும் இதோடயே வந்துரு, தொவைச்சுராத!" என்று கெஞ்சினார். கவுன் இப்போது பாதி வெள்ளை, பாதி அரங்கத்துத் தின்பண்டத்திலிருந்து சிந்திய கடுகுச் சாஸ்.

நேற்று அவளுக்கும் பொறுமை போய்விட்டது. "மாமா, சனிக்கிழமை ரெண்டு மணிக்கு சர்ச்ல நிப்பேன். டிபோர் வரலைன்னா, பக்கத்துல எவன் நிக்கிறானோ அவனக் கட்டிக்கிட்டுப் போயிட்டே இருப்பேன்!" என்றாள். மனைவியை இழந்த சர்ச் மணியடிப்பவர் அதைக் கேட்டதிலிருந்து தினமும் குளிக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. அருமையான பெண், சம்பந்தி. அவளை நாங்கள் இழந்துவிடக் கூடாது. தாங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பாள்.

சம்பந்தியம்மாளுக்கு வணக்கம், தங்கள் பேரப்பிள்ளைகளுக்கு முத்தம், தேனீக்களுக்கு நல்ல பூக்கள் கிடைக்கட்டும்.

தங்கள் அன்புள்ள,
வின்சென்ட்

பி.கு.: வியாழன் காலை. ஜெயித்துவிட்டோம்! கடைசி நிமிடத்தில் வந்த அடியை டிபோர் காலைக் குறுக்கே கொடுத்துத் தடுத்தான். கணுக்கால் முறிந்துவிட்டது, ஆறு வாரம் பனிமேல் கால் வைக்கக் கூடாதாம். ஆஸ்பத்திரியில் பெருமை தாங்காமல் அழுதேன். "ஏம்ப்பா அழற? சனிக்கிழமை நான் ஃப்ரீ," என்றான். எனவே மேலே எழுதிய எதையும் படிக்காதீர்கள், கல்யாணம் உண்டு என்று எழுதும் முன் யர்மிலாவிடம் சொல்ல ஓடினேன்.

"சனிக்கிழமையா? வெளையாடுறீங்களா மாமா? அன்னிக்கு ஃபைனல்! டிபோரும் இல்ல, கவுனும் இல்லைன்னா நம்ம டீம் என்னத்துக்கு ஆகும்? ரெண்டு வாரம் தள்ளிப் போடச் சொல்லி எங்கப்பாவுக்கு எழுதுங்க."

ஆகவே கல்யாணத்தைத் தள்ளிவைக்க வேண்டும். பெண் வீட்டார் கேட்பதால், மாப்பிள்ளை வீட்டார் நாங்கள் பெருந்தன்மையோடு சம்மதிக்கிறோம்.