அமெரிக்கத் தாத்தாவுக்கு நான் கொடுத்த கால் வலி

மருந்துக் கடையில் சில வருடம் நின்றால் போதும், பிள்ளைகளே, யாருக்கும் பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு வந்துவிடும். எனக்கு முக்கால்வாசி வந்திருந்தது.

அந்த நினைப்போடுதான் தேனாம்பேட்டையில் மெடிக்கல் கோடிங் வேலைக்குச் சேர்ந்தேன். (மருமகன் கம்ப்யூட்டர் இன்ஜினியர் என்று மாமியார் சாந்தோம் முழுக்கச் சொல்லிவிட்டார். நானும் மறுக்கவில்லை.) அமெரிக்க டாக்டர்கள் எழுதி வைப்பதைப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் உரிய எண்ணைப் போட வேண்டும். அதைப் பார்த்துத்தான் அங்கே இன்சூரன்ஸ்காரர்கள் பணம் தருவார்கள். இடுப்புப் பக்கம் முதுகெலும்புக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் தேய்ந்து, முதுகு மட்டும் வலித்தால் ஓர் எண். காலும் சேர்ந்து வலித்தால் வேறு எண்.

பயிற்சி முடிவில் ஒரு தேர்வு. தேறினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் திரும்பவும் இருமல் மருந்து விற்கப் போக வேண்டியதுதான்.

எனக்கு வந்தது ஓர் அமெரிக்கத் தாத்தாவின் கேஸ். டிஸ்க் தேய்மானம், முதுகு வலி என்று எழுதியிருந்தது. காலைப் பற்றிப் பேச்சே இல்லை. டிஸ்க் தேய்ந்தவருக்குக் கால் வலிக்காமலா இருக்கும்? பாவம், டாக்டர் அவசரத்தில் விட்டிருப்பார் என்று காலுக்கும் சேர்த்தே எண்ணைப் போட்டேன்.

எங்கள் வேலையைச் சரிபார்க்கும் சாரதா மேடம் கூப்பிட்டார்.

"சார், கால் வலின்னு எங்க எழுதிருக்கு?"

"எழுதல மேடம். ஆனா இருக்கும்."

"உங்களுக்கு எப்டித் தெரியும்? தாத்தா போன் பண்ணாரா?"

பக்கத்து சீட் பாஸ்கர் சிரித்துவிட்டான். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "டிஸ்க் போனா வலி இப்டித்தான் மேடம் இறங்கும்" என்று இடுப்பிலிருந்து கணுக்கால் வரை கையால் கோடு இழுத்துக் காட்டக் குனிந்தேன். குனிந்தது குனிந்ததுதான். முதுகில் சுளீரென்று பிடித்துக்கொண்டது.

"போதும் மாமா, நல்லா நடிக்கிற. எயுந்துக்கோ," என்றான் பாஸ்கர்.

"நடிக்கலடா. புட்ச்சிக்கிச்சு."

அதே வளைவில் என்னை ஆட்டோவில் ஏற்றினார்கள். (டிரைவர், "இன்னா சார், எதுனா கீய வுயுந்துச்சா?" என்று அவரும் தரையில் தேடினார்.) அடையாறு எலும்பு டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். எனக்கும் டிஸ்க் தேய்ந்திருந்தது.

"கால்ல வலி இருக்கா?" என்று கேட்டார்.

காலை ஆட்டினேன். தட்டினேன். கிள்ளிக்கூடப் பார்த்தேன். அது வலிப்பதாக இல்லை.

"கீதுன்னு சொல்லிடு மாமா, மானம் போவுது," என்று பாஸ்கர் காதைக் கடித்தான்.

"இல்ல டாக்டர்," என்றேன். அவரும் அப்படியே எழுதினார்.

நிமிர்ந்து ஆபீஸ் போனதும், லீவுக்காக நான் கொடுத்திருந்த ரிப்போர்ட்டையே சாரதா மேடம் என் முன்னால் வைத்தார். "மறுதேர்வு இதான். எண்ணைப் போடுங்க."

வரி வரியாகப் படித்தேன். முதுகுக்கு மட்டும் போட்டேன்.

"பாஸ்," என்றார். "இந்தப் பேஷன்ட் காலையாவது விட்டு வெச்சீங்களே."

வேலை நிரந்தரமாயிற்று. முதுகு வலியும்தான். எங்கள் வீட்டில் இன்றைக்கும் சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால், "எங்க வலிக்குது?" என்று என் மனைவி கேட்பாள். பெரியவள் குறுக்கே புகுந்து சொல்வாள்:

"அவள ஏம்மா கேக்குற? அப்பா வரட்டும், சொல்லுவாரு."