கொம்பையா படித்த கழுத்து வைத்தியம்

ஒரு காட்டில் ஒரு பெரிய ஏரி இருந்தது என்றுதான் கதையைத் தொடங்க ஆசை. என்ன செய்ய, ஏரி இப்போது இல்லை. ஏரி இருந்த இடத்தில் கல்லூரி இருக்கிறது. கல்லூரித் தாளாளர் ஒரு முதலை. "நான் பிறந்த இடம், எங்கப்பா பிறந்த இடம், இதுக்குப் பட்டா வேறயா?" என்பார் கேட்டால். தண்ணீர் எங்கே போனது என்று மீன்கள் கேட்டிருக்கலாம். அவற்றையும் காணோம்.

கல்லூரியில் எல்லாம் இருந்தது. மூன்று மாடிக் கட்டடம், கேன்டீன், வாசலில் தாளாளரின் முழு உருவச் சிலை, அதுவும் சிரித்த வாயோடு. இல்லாதது ஒன்றுதான், கூடைப்பந்துக் கோப்பை. ஒன்பது வருஷமாக அதைப் பக்கத்துக் காட்டுக் கழுதைப்புலிக் கல்லூரிதான் தூக்கிக்கொண்டு போனது. போகாமல் என்ன செய்யும்? முதலைக் கல்லூரி அணியில் இருந்தவர்கள் அத்தனை பேரும் தாளாளரின் மச்சான் வீட்டுப் பிள்ளைகள். தரையோடு தரையாகக் கிடக்கிற கூட்டம். கூடையோ பத்தடி உயரத்தில். போன வருஷம் எண்பத்து நாலுக்கு மூன்று என்று தோற்றார்கள். அந்த மூன்று எப்படி வந்தது என்று இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை.

தாளாளர், கோச் கரடி மாசிலாமணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். "இந்த வருஷம் கோப்பை வரலைன்னா உம்ம தோலு என் சோபாவுக்கு" என்றார். மாசிலாமணி வீட்டுக்குக்கூடப் போகவில்லை, நேரே நரியிடம் போனார். நரி அந்த வட்டாரத்தில் அட்மிஷன் புரோக்கர். கிடைக்காத சீட்டை வாங்கித் தருவான், இல்லாத கோர்ஸையும் வாங்கித் தருவான்.

மூன்று காடு தள்ளி, கருவேலங்காட்டில் ஒட்டகச்சிவிங்கி கொம்பையாவை நரி கண்டுபிடித்தான். பதினாறு அடி உயரம், வெள்ளை மனசு. கூடைப்பந்தை அவன் கனவில்கூடப் பார்த்ததில்லை. அவனுக்கு இருந்த ஒரே கவலை அவனுடைய அம்மாவின் கழுத்து. மூன்று வருஷமாக வலி. வலியென்றால் சும்மா இல்லை, ஆறடிக்கு வலி.

"ஏய்யா கொம்பையா, இன்னிக்கு வேற இடத்துல வலிக்கு."

"எந்த இடத்துலம்மா?"

"நேத்து வலிச்சதுக்கு ரெண்டடி மேல."

அந்தக் காட்டுக்கு ஒரே வைத்தியர் காட்டுப்பன்றி. பாவம், கைராசிக்காரர்தான். ஆனால் முழங்காலுக்கு மேல் அவருக்கு எட்டவில்லை. மூன்று வருஷமாக அம்மாவின் கழுத்து வலிக்கு முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். முழங்கால் நன்றாகத்தான் இருந்தது.

நரி வந்து தலையை அண்ணாந்து பேசினான். "தம்பி, இலவச சீட்டு, இலவச ஹாஸ்டல், மூணு வேளையும் கருவேல இலை. நீ பந்தை எடுத்துக் கூடையில வெச்சாப் போதும்."

"அங்க கழுத்து வைத்தியம் சொல்லித் தருவாங்களா?"

"பிசியோதெரபியா? ஒரு வருஷ டிப்ளமோவே இருக்கு."

"பாடமெல்லாம் ஒழுங்கா நடக்குமா?"

"அது பாட்டுக்கு நடக்கும்" என்றான் நரி. அன்றைக்கு முழுக்க நரி சொன்னதில் பெரிய உண்மை இதுதான்.

"ஒரே வருஷம்மா. படிச்சிட்டு வந்து நானே உனக்குச் சரி பண்ணிடுறேன்" என்று சொல்லிவிட்டுக் கொம்பையா கிளம்பினான். அம்மாவால் திரும்பிப் பார்த்து வழியனுப்பக்கூட முடியவில்லை. அவன்தான் சுற்றிவந்து முகத்துக்கு நேராக நின்று விடைபெற்றான்.

கல்லூரியில் ஒரு சிக்கல். விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர உள்ளூர்க் காட்டு விலங்காக இருக்க வேண்டும், அதற்கு இருப்பிடச் சான்றிதழ் வேண்டும். சான்றிதழ் தருகிற அலுவலர் ஒரு எருமை. விண்ணப்பத்தில் அச்சடித்த இனங்களை மேலிருந்து கீழ்வரை தேடினார். ஒட்டகச்சிவிங்கி இல்லை.

"புள்ளி இருக்கில்ல சார்?" என்று கேட்டான் நரி.

"இருக்கு."

"அப்பப் புள்ளிமான்."

"கழுத்து?"

"குறிப்புன்னு ஒரு கட்டம் இருக்கே, அது எதுக்கு இருக்கு?"

எருமை எழுதினார். இனம், புள்ளிமான். குறிப்பு, சற்று உயரம். முத்திரையும் குத்தி, மசியை ஊதி ஆற்றிக் கொடுத்தார்.

ஆட்டம் என்று பார்த்தால் கொம்பையாவுக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. குதிக்க வேண்டாம், எம்ப வேண்டாம். முதலைப் பையன்கள் பந்தை வாயில் கவ்விக்கொண்டு வந்து மேலே வீசுவார்கள். அவன் அதை முகத்தால் வாங்கி, பானைக்கு மூடி போடுகிற மாதிரி கூடையில் வைப்பான். பந்து தரையில் விழுந்தால் மட்டும் தொல்லை. முன்னங்கால் இரண்டையும் அகட்டி, ஆடி அசைந்து அவன் குனிவதற்குள் எதிரணி டீ குடித்துவிட்டு வந்துவிடும். அப்படியும் வரிசையாக ஆறு ஆட்டம் ஜெயித்தார்கள். மாசிலாமணிக்குத் தன் தோல் மேல் மறுபடி நம்பிக்கை வந்தது.

கொம்பையாவுக்கு மட்டும் மனசு ஆறவில்லை.

"சார், நாளைக்கு வகுப்புக்குப் போகட்டுமா?"

"எதுக்கு?" என்று கேட்டார் கோச். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை.

"படிக்க, சார்."

"உனக்கு வருகை நூறு சதம்டா. காலேஜ்லயே நீதான் முதல். போ, போய் ரெண்டு கூடை போடு."

நூறு சதம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். முன்பு கல்லூரியில் கைரேகை மெஷின் ஒன்று வாங்கி மாட்டியிருந்தார்கள். காட்டில் கைரேகை உள்ளது குரங்குகளுக்கு மட்டும்தான் என்பது மாட்டிய பிறகுதான் தெரிந்தது. அந்த வருஷம் குரங்குகள் மட்டும் பாஸ். அதனால் மறுபடி பெயர் கூப்பிட்டு வருகை எடுக்கிற பழைய முறைக்கே வந்தார்கள். விளையாட்டு வீரர்கள் பதினோரு பேருக்கும் பதிலாக "உள்ளேன் ஐயா" சொல்ல அஞ்சுகம் என்கிற கிளியைச் சம்பளத்துக்கு வைத்தார்கள். மாசம் ஒரு கூடைக் கொய்யா. பதினோரு குரல், ஒவ்வொன்றும் ஒரு விதம்.

அஞ்சுகம் அதே டிப்ளமோவுக்கு மூன்று வருஷம் தொடர்ந்து விண்ணப்பித்தவள். உயரமும் இல்லை, ஆளும் இல்லை, சீட்டும் இல்லை. இப்போது என்னடாவென்றால் ஒரு நாள் விடாமல் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள், யாரோ பதினோரு பேருக்காக.

ஏழு மாதம் போனது. கோப்பையின் கடைசி ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது கொம்பையாவின் அம்மா கதை தெரிந்த அஞ்சுகம் மைதானத்துக்குப் பறந்து வந்தாள். "அண்ணே, நாளைக்குக் கழுத்துப் பாடம்" என்றாள்.

கொம்பையா பந்தைக் கீழே போட்டான். "அப்ப நான் வரேன். எவன் தடுத்தாலும் வரேன். நீ என் பேருக்கு மட்டும் வாயைத் திறந்துடாதே தாயி."

"சத்தியமா திறக்க மாட்டேன் அண்ணே."

கேடுகாலம், கழுத்துப் பாடம் நடந்த அதே நாளில்தான் ஆய்வுக்குழுவும் வந்து இறங்கியது. கழுதைப்புலிக் கல்லூரியிலிருந்து யாரோ மொட்டைக் கடுதாசி போட்டிருந்தார்கள், "அந்தப் புள்ளிமான் கொஞ்சம் அதிகமாகவே உயரமாக இருக்கிறது" என்று. பல்கலைக்கழகம் உடனே மூன்று ஆந்தைகளை அனுப்பியது. பட்டப்பகலில் நடக்கிற ஆய்வுக்கு ஆந்தைகளை அனுப்புவதுதான் அங்கே வழக்கம். யாருக்கும் அதனால் இதுவரை ஒரு இடைஞ்சலும் வந்ததில்லை.

"சம்பந்தப்பட்ட மாணவருக்குப் புள்ளி உண்டா?" என்று கண்ணை இடுக்கிக்கொண்டு கேட்டது தலைமை ஆந்தை.

"உண்டுங்க" என்றார் தாளாளர்.

"மற்ற வசதிகள்?"

"அதுவும் உண்டுங்க. வடை சூடா இருக்கு."

வடை தின்று முடித்து, கிளம்புகிற நேரத்தில் தலைமை ஆந்தைக்குக் கடமை உணர்ச்சி வந்து தொலைத்தது. "ஒரு வகுப்பில் வருகை எடுப்பதையும் கேட்டுவிட்டுப் போய்விடலாம்" என்றது. ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாதே தவிர, காது பாம்புக் காது.

பேராசிரியர் ஆமை பெயர் கூப்பிட ஆரம்பித்தார். ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் ஒரு தூக்கம் போடலாம். கொம்பையா வாசல் வழியாக நுழைய முடியாமல், வெளியே நின்றபடி முதல் மாடி ஜன்னலில் தலையை விட்டிருந்தான். ஏழு மாதத்தில் முதல் வகுப்பு.

"கொம்பையா."

"உள்ளேன் ஐயா" என்று அவன் சொன்னான், தன் உயரத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத கீச்சுக் குரலில்.

"உள்ளேன் ஐயா!" என்று கணீரென்று இன்னொரு குரல் முதல் பெஞ்சிலிருந்து வந்தது.

ஐயோ, அஞ்சுகம் இறக்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு மாத வாய்ப்பழக்கம், அவளையும் மீறி வந்துவிட்டது. மூன்று ஆந்தைகளின் தலைகளும் முதுகுப்பக்கம்வரை திரும்பின.

"இருவரில் கொம்பையா யார்?"

"நான்தான் ஐயா. எங்கம்மா வெச்ச பேரு" என்றான் கொம்பையா.

"அம்மாவை அழைத்துவர முடியுமா?"

"அவங்களுக்குக் கழுத்து வலி ஐயா."

"எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். பேராசிரியரே, உங்களுக்குப் பழக்கமான குரல் எது?"

ஆமை பொய் சொல்கிறவர் இல்லை. "ஏழு மாசமா நான் கேட்கிற கொம்பையா அந்தக் கணீர்க் குரல்தான்" என்றார். "வேணும்னா இன்னிக்குப் பாடத்திலேயே ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தில் எத்தனை எலும்பு?"

கொம்பையா ஜன்னலுக்கு வெளியே நின்ற தன் கழுத்தைத் திரும்பிப் பார்த்தான். பிறந்ததிலிருந்து அந்தக் கழுத்தைத்தான் தூக்கிக்கொண்டு அலைகிறான், ஒரு நாளாவது எண்ணியிருப்பானா? "ஒரு… அறுபது இருக்கும் ஐயா" என்றான்.

அஞ்சுகம் வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தாள். ஆனால் படித்தவளுக்குத் தப்பான பதிலைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியுமா? "ஏழு!" என்று கத்திவிட்டாள்.

"ஏழுதான்" என்றார் ஆமை.

ஆந்தைகள் கூடிப் பேசக்கூட இல்லை. கொம்பையா என்ற நல்ல மாணவரின் பெயரில் ஆள்மாறாட்டம் செய்த, அடையாளம் தெரியாத உயரமான நபரைக் கல்லூரியை விட்டு நீக்குவது என்று எழுதினார்கள். மற்றபடி முறைகேடு எதுவும் தங்கள் பார்வைக்கு வரவில்லை என்றும் எழுதினார்கள். தாளாளர் கண்ணீர் விட்டு நன்றி சொன்னார். அவர் கண்ணீரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

கொம்பையா பொட்டியைத் தூக்கிக்கொண்டு அன்றைக்கே நடந்தான். வழியெல்லாம் அழுதான். விரட்டினார்களே என்று அழவில்லை. அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்த ஒரு வாக்கு, அதற்காக அழுதான்.

கடைசி ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்காதீர்கள். சரி, சொல்கிறேன். சட்டப்படி இப்போது கொம்பையா என்றால் அஞ்சுகம்தான் என்பதால் அவளைத்தான் இறக்கினார்கள். தொண்ணூற்று ஒன்றுக்குப் பூஜ்யம். கழுதைப்புலிகள் பாதி நேரம் சிரித்துப் புரண்டதால் அதோடு போனது. தாளாளர் வீட்டு சோபா இப்போது நல்ல மெத்தென்று இருப்பதாகக் கேள்வி.

மூன்று மாதம் கழித்து, ஒரு காலையில் அஞ்சுகம் கருவேலங்காட்டுக்குப் பறந்து வந்தாள். காலிடுக்கில் ஒரு சுருட்டிய காகிதம். டிப்ளமோ, முதல் வகுப்பு, பெயர் கொம்பையா.

"அண்ணே, பேரு உங்களுது, படிப்பு என்னுது. என்னை மன்னிச்சிருங்க. அம்மா எங்க?"

கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கவில்லை. அம்மாவின் தோளில் போய் உட்கார்ந்து, கழுத்தோரமாக மேலே நடந்தாள். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. ஐந்தாவது எலும்பில் நின்று காலால் அழுத்தினாள். "இங்கதானே?"

"அங்கதான் தாயி! நாலு வருஷமா எல்லா வலியும் அங்கிருந்துதான்!"

அலகால் ஒரே ஒரு குத்து. டக்கென்று சத்தம் கேட்டது. அம்மா மெதுவாக, பயந்து பயந்து இடதுபக்கம் திரும்பினாள். "அட, இந்தப் பக்கம் இப்படி ஒரு மரம் இருக்கா?" என்றாள். பிறகு காகிதத்தில் மகன் பெயரைப் பார்த்துவிட்டு ஓவென்று அழ ஆரம்பித்தாள். "எம்புள்ள படிச்ச படிப்பு வீண்போகலையே!" என்றாள். கொம்பையாவுக்கு வயிறும் எரிந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. சந்தோஷம்தான் கொஞ்சம் அதிகம்.

இப்போது அங்கே "கொம்பையா கழுத்து வைத்தியசாலை" என்று போர்டு தொங்குகிறது. வைத்தியம் அஞ்சுகம். கொம்பையா வாசலில் நின்று டோக்கன் கொடுக்கிறான். காட்டுப்பன்றி வைத்தியர்கூட வந்து போகிறார், அவருக்கும் கழுத்துப் பிடிப்பு.

அப்படி வாசலில் நிற்கும்போதுதான் ஒரு நாள் நரி வந்தான். "தம்பி, கழுதைப்புலிக் கல்லூரியில உன்னைக் கேக்குறாங்க. இலவச சீட்டு, இலவச ஹாஸ்டல்."

கொம்பையா டோக்கன் கட்டைக் கீழே வைத்தான். "அம்மாவுக்கு இப்பக் கண்ணு மங்குது. அங்க கண் வைத்தியப் படிப்பு இருக்கா?"

"இருக்கு, இருக்கு. பாடமெல்லாம் ஒழுங்கா நடக்கும்."

"அதைக் கேக்கலை" என்றான் கொம்பையா. "எனக்குப் பதிலா வகுப்புக்குப் போறது யாரு? முதல்ல அவங்க மார்க் ஷீட்டைக் காட்டு. பார்த்துட்டுத்தான் கையெழுத்து."

நீதி: நீங்கள் வகுப்புக்குப் போகாததால் குடி ஒன்றும் முழுகிவிடாது, உங்களுக்குப் பதிலாகப் போகிறவர் ஒழுங்காகப் படிக்கிறாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.