இடது பக்கம் ஒரு டொக்

இன்ஜினில் ஒரு கோளாறும் இல்லை என்பதுதான் அன்றைய கோளாறு.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு, முப்பத்தைந்து வருடத் துருவிலிருந்து மீண்ட அந்த நீராவி இன்ஜின் ஷெட்டை விட்டு வெளியே வந்து, கேட் வரைக்கும் போய்த் திரும்பியது. புஸ் புஸ் என்று மூச்சு விட்டதைத் தவிர வேறு சத்தம் இல்லை. பழைய இன்ஜின் சங்கத்தார் கை தட்டினார்கள். நான்கு வருட ஞாயிற்றுக்கிழமைகளையும், வெளுத்தாலும் போகாத கறையோடு பல சட்டைகளையும் அதற்குக் கொடுத்தவர்கள். லேத் பட்டறைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேட்டதற்குக் கரித்தூள் விழுந்துவிட்டது என்றார்.

பல் டாக்டர் மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார்.

"டொக் வரலியே" என்றார்.

"எந்த டொக்?" என்றார் பட்டறைக்காரர்.

"இடது பக்க டொக். டொக்... டொக் டொக்னு வரணும். நாளைக்கு மாமா வர்றாரு."

மாமா என்றது அவருடைய மாமனாரை. இதே இன்ஜினை இருபத்திரண்டு வருடம் ஓட்டியவர். பெண்ணை ரயில்வேக்காரன் ஒருவனுக்குத்தான் கொடுப்பது என்று மனக்கோட்டை கட்டி வைத்திருந்தார். அவளோ, ஊரார் வாயைப் பிளக்கச் சொல்லிப் பார்க்கிற ஒருவரைக் கட்டிக்கொண்டாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருடத்தில் மாமனார் ஒரு தடவைகூட அவரை 'மாப்பிள்ளை' என்று கூப்பிட்டதில்லை. பக்கத்து நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கும்போதே பெண்ணைக் கூப்பிட்டு, "டாக்டர் சாப்பிட்டாரான்னு கேளு" என்பார். அவளும் கேட்பாள். "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பார் இவர். சொந்த வீட்டில் பதினெட்டு வருடம் மொழிபெயர்ப்பாளர் வேலை பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது.

ஒரே ஒரு பேச்சில்தான் மாமனாரின் கண்ணில் வெளிச்சம் வரும்.

"அந்த வண்டிக்கு இடது பக்கம் ஒரு டொக் உண்டு. வேற எந்த வண்டிக்கும் கிடையாது. மழையில போனாலும் வெயில்ல போனாலும், கூடவே ஒரு ஆள் பேசிக்கிட்டு வர்ற மாதிரி இருக்கும். இருபத்திரண்டு வருஷம் நான் தண்டவாளத்தை விட்டுக் கண்ணை எடுத்ததில்ல, ஒரு தடவைகூடப் பின்னாடி திரும்பினதில்ல. அது பாட்டுக்குப் பேசும், நான் பாட்டுக்குக் கேட்டுக்கிட்டே போவேன்."

சொல்லும்போது விரல் தானாக நாற்காலியின் கைப்பிடியில் தட்டும். டொக்... டொக் டொக். அந்த விரலைப் பார்த்துத்தான் டாக்டர் சங்கத்தில் சேர்ந்தார். மாமனார் காதில் அந்த டொக் ஒரு தடவை விழுந்துவிட்டால் 'மாப்பிள்ளை' தானாக வாயில் வந்துவிடும் என்பது அவர் நினைப்பு. நாற்பத்தாறு வயதில் ஒரு மனிதர் இதற்கு ஏங்குவாரா என்றால், ஏங்கினார். ஆசைக்கு ஏது வயது.

இதில் கொடுமை என்னவென்றால், இடது பக்கத்துப் பேரிங்கைச் சரி செய்தவரே அவர்தான். பல் அடைக்கிற கை. உலோகத்தை உருக்கி ஊற்றி, சுரண்டி, தடவிப் பார்த்து, மறுபடி சுரண்டி, பொருத்தமாக அடைத்திருந்தார்.

"நல்லா அடைச்சுத் தொலைச்சிட்டேன்" என்று இப்போது தலையில் அடித்துக்கொண்டார்.

லைப்ரரியன் அம்மா சங்கத்தின் பழைய காகிதங்களுக்கும் புதுப் பெயிண்டுக்கும் பொறுப்பானவர். ஷெட்டின் ரிப்பேர் நோட்டை எடுத்து வந்து பிரித்தார். மாமனாரின் கையெழுத்து சாய்வாக ஓடியது. 'இடது பக்கம் சத்தம். பார்க்கவும்.' கீழே ஷெட்காரர்கள் எழுதியிருந்தார்கள்: 'பார்த்தோம். கோளாறு இல்லை.' அடுத்த வாரமும் அதுவே. அதற்கடுத்த வாரமும் அதுவே.

"மூணு வருஷம் விடாம எழுதியிருக்காரு. அப்புறம் நிறுத்திட்டாரு" என்றார் லைப்ரரியன் அம்மா. "பழகிப் போயிருக்கும். என் வீட்டுக்காரர் குறட்டைக்கு நான் பழகின மாதிரி."

பட்டறைக்காரர் தாடையைச் சொறிந்தார். "டாக்டர், சக்கரத்துல ஏதாவது லூசா இருந்தா சுத்துக்கு ஒரு தடவை சீரா இடிக்கும். நீங்க சொல்றது ஒண்ணு விட்டு ரெண்டா இல்ல வருது? எந்த நட்டைக் கழட்டினாலும் அப்படி வராது."

"மாமா காது தப்பாது."

"ஆடுற பல்லைப் பிடுங்கறதுதானே உங்க தொழில். நல்ல பல்லை ஆட்டி விடச் சொல்றீங்களே."

"அரைச் சுத்து. அரைச் சுத்துதான்."

இடது பக்க நட்டு அரைச் சுற்று தளர்ந்தது. இன்ஜின் கேட் வரைக்கும் போனது. டொக் வரவில்லை. கிரீச் என்று ஒரு சத்தம் வந்தது. கூடவே எண்ணெய் பீய்ச்சி அடித்து, லைப்ரரியன் அம்மா மூன்று கோட்டு அடித்திருந்த பச்சைப் பெயிண்டிலும் அவருடைய மூக்குக் கண்ணாடியிலும் வழிந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, வாய்க்குள் ஏதோ சொன்னார். லைப்ரரியில் சொல்லக்கூடிய வார்த்தை இல்லை அது.

"இன்னும் அரைச் சுத்து" என்றார் டாக்டர்.

இந்தத் தடவை டமால் என்றது. கேட்காரர் கொடியைப் போட்டுவிட்டு ஓடினார். அவரைத் தேடிப் பிடித்துச் சமாதானம் சொல்லிக் கூட்டி வர முக்கால் மணி நேரம் ஆயிற்று.

இடது பக்கம் மட்டும் தளர்ந்திருப்பதால்தான் இப்படி என்று டாக்டருக்கு ஒரு யோசனை உதித்தது. வலது பக்கத்தையும் தளர்த்தினார்கள். இப்போது இரண்டு பக்கமும் மாறி மாறிச் சண்டை போட்டன. கடைசியாக, ஒரு பிஸ்கட் டின்னில் நாலு போல்ட்டைப் போட்டு மூடி இடது பக்கத்தின் அடியில் கட்டினார்கள். டின் நூறு அடி தூரம் கலகலவென்று வந்தது. அப்புறம் கட்டு அவிழ்ந்து, சக்கரத்துக்கும் பிரேக் கம்பிக்கும் நடுவே மாட்டி, கம்பியை வளைத்துவிட்டுச் செத்துப் போனது.

"இப்ப பிரேக்கும் போச்சு" என்றார் பட்டறைக்காரர். "டொக் மட்டும்தான் பாக்கி."

பிரேக் கம்பியை நிமிர்த்தி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நட்டுகளை நாளைக் காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று போனார்கள்.

மறுநாள் அவர்களுக்கு முன்பே பரிசோதனை அதிகாரி வந்து நின்றார். அவர் கையெழுத்துப் போடாமல் இன்ஜின் ஆட்களை ஏற்றிக்கொண்டு நகர முடியாது. குனிந்து, இடது பக்க நட்டை இரண்டு விரலால் பிடித்தார். அது திரும்பியது.

"இதைத் தளர்த்தினது யாரு?"

"நான்தான்" என்றார் டாக்டர்.

"நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?"

"பல் டாக்டர்."

அதிகாரி தன்னை அறியாமல் வாயை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தார். "ஒரு மணி நேரம் தர்றேன். எல்லாத்தையும் முறுக்குங்க. ஒரே ஒரு டொக் என் காதுல விழுந்தாலும் வண்டி ஷெட்டை விட்டு வெளியே வராது."

பதினெட்டு வருட ஆசையை டாக்டர் தன் கையாலேயே, ஸ்பேனர் போட்டு, அரை அரைச் சுற்றாக முறுக்கி மூடினார். கடைசி நட்டில் இருக்கும்போது வாசலில் கார் வந்து நின்றது.

மாமனார் இறங்கினார். இஸ்திரி போட்ட பழைய நீலக் கோட்டு. பொத்தான்கள் வயிற்றோடு போராடிக்கொண்டிருந்தன. பின்னால் டாக்டரின் மனைவி. அவளுக்கும் பின்னால் ஒல்லியாக ஒரு கிழவர். மாமனாரோடு அதே இன்ஜினில் இருபத்திரண்டு வருடமும் கரி அள்ளிப் போட்ட பயர்மேன். இரண்டு பேருக்கும் சேர்த்து மாமனாரே பேசிவிடுவதால் அவர் வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை.

மாமனார் இன்ஜின் பக்கத்தில் போய், கதகதப்பான இரும்பில் உள்ளங்கையை வைத்தார். கரிப்புகையும் சூடான எண்ணெயும் கலந்த அந்த வாசனையை இழுத்து மூச்சு விட்டார். இந்த வண்டியை விட்டுக் கடைசியாக இறங்கிய நாளில் அவர் அதே இடத்தில்தான் கை வைத்திருக்க வேண்டும். பார்த்துக்கொண்டிருந்த அதிகாரிகூட வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

"டொக் இருக்கான்னு டாக்டரைக் கேளு" என்றார் மாமனார்.

"டொக் இருக்கான்னு அப்பா கேக்குறாரு" என்றாள் பெண்.

"ஓட்டிப் பார்த்தாத் தெரியும்னு சொல்லு" என்றார் டாக்டர். ஸ்பேனரைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

அதிகாரி இன்ஜினை முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிக் காது கொடுத்துக் கேட்டு, கையெழுத்துப் போட்டு, நிழலில் உட்கார்ந்துவிட்டார். இன்ஜின் கிளம்பியது. லைசென்ஸ் இருந்ததால் பட்டறைக்காரர் ஓட்டினார். அவருக்கு முன்னால் ஜன்னலோரம், தன் பழைய இடத்தில் மாமனார். பின்னால் ஒரு பெட்டியின் மேல் பயர்மேன். டாக்டர் கரி அள்ளிப் போட்டார். அதற்கு மேல் ஆள் நிற்க இடமில்லாததால் அவர் மனைவி ஷெட்டிலேயே நின்றுவிட்டாள்.

ஒரு கிலோமீட்டர் போயிற்று. மாமனார் இடது காதைச் சாய்த்துக்கொண்டே வந்தார். இரண்டு கிலோமீட்டர் போயிற்று. வெயில், புகை, புஸ் புஸ், வேறொன்றும் இல்லை. மாமனாரின் முகம் தளர்ந்தது. மெல்லக் கண்ணை மூடிக்கொண்டார். தலை குனிந்தது.

இல்லாத சத்தத்தைக் கண்ணை மூடித் தேடுகிறார் என்று டாக்டருக்குத் தோன்றியது. அழுகை வந்தது. நான்கு வருடம் பாடுபட்டு, ஒரு வயசாளியின் ஒரே நினைவை நானே அடைத்துவிட்டேனே என்று நொந்துகொண்டார்.

"குடுங்க டாக்டர்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. பயர்மேன் கையை நீட்டிக்கொண்டிருந்தார். "கொஞ்ச நேரம் நான் பார்த்துக்கறேன்."

டாக்டர் கரி அள்ளும் கரண்டியைக் கொடுத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்கத் தெம்பில்லாமல் மாமனாருக்குப் பின்னால் போய் நின்று வெளியே பார்த்தார்.

டொக்.

டாக்டர் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

டொக் டொக்.

மாமனார் விருட்டென்று நிமிர்ந்தார். கண் அகலத் திறந்து தண்டவாளத்தில் போய் நின்றது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. திரும்பாமலே ஒரு கையைப் பின்னால் நீட்டித் துழாவி, டாக்டரின் தோளைக் கண்டுபிடித்து இறுகப் பற்றினார்.

"கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்றார். "இதேதான் மாப்பிள்ளை. இம்மியும் மாறல."

நடுவில் மொழிபெயர்க்க ஆள் இல்லை. நேராக அவரிடமே சொன்னார், அதுவும் இரண்டு தடவை. டாக்டருக்கு வாயெல்லாம் பல்.

அப்புறம்தான் உறைத்தது. எல்லா நட்டையும் முறுக்கியாயிற்றே, பிறகு சத்தம் எங்கிருந்து வருகிறது? ஏதோ கழன்றுவிட்டது என்று பதறி, ஜன்னலுக்கு வெளியே குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தார். எல்லாம் கச்சிதமாக ஓடிக்கொண்டிருந்தது. பட்டறைக்காரரும் புரியாமல் உதட்டைப் பிதுக்கினார். டாக்டர் காதைத் தீட்டிக் கேட்டார். சத்தம் வெளியிலிருந்து வரவில்லை, முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

திரும்பினார்.

பயர்மேன் பெட்டியின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, கரண்டியின் நுனியால் இரும்புத் தரையில் தட்டிக்கொண்டிருந்தார். டொக்... டொக் டொக். பார்வை மட்டும் மாமனாரின் பிடரியை விட்டு அசையவில்லை.

டாக்டரை விரலால் அருகில் அழைத்து, தட்டுவதை நிறுத்தாமலே அவர் காதோரம் சொன்னார்:

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க டாக்டர், இந்த இன்ஜின்ல என்னைக்குமே சத்தம் இருந்ததில்ல, நான் இப்படித் தட்டிக்கிட்டே வரலேன்னா உங்க மாமனார் தூங்கிடுவாரு."