நாற்பது விநாடி மேற்கே

சூரியனுக்காக இந்திய அரசாங்கத்தோடு சண்டை போட்ட ஒரே மனிதர் திண்டிவனத்தில் இருக்கிறார். ஊரில் அவரைப் ‘பதினோரு நிமிஷம்’ என்பார்கள். அவருடைய மாடியில் மூன்று வருஷம் வாடகைக்கு இருந்த எனக்கே அசல் பெயர் தெரியாது. மகள் கல்யாணப் பத்திரிகையில்தான் பார்த்தேன். அந்த மூன்று வருஷத்தில் அவர் எனக்கு ஏற்றிவிட்ட ரத்தக் கொதிப்புக்கு இன்றும் மாத்திரை விழுங்குகிறேன். ஆகவே நடுநிலையான கட்டுரை வேண்டும் என்பவர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், வீட்டு முன்கட்டிலேயே ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மேப் வைத்த போன் கைக்கு வரும்வரை நல்ல மனிதர். அதில் நோண்டி நோண்டி, நம் நாட்டுக் கடிகாரமெல்லாம் உத்தரப் பிரதேசத்தில் மிர்சாபூர் பக்கம் போகும் ஒரு தீர்க்கரேகையை நம்பித்தான் ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். அங்கே சூரியன் உச்சிக்கு வந்து பதினோரு நிமிஷம் கழித்துத்தான் திண்டிவனத்தில் உச்சி. அவருக்கு வந்ததே கோபம்!

“மிர்சாபூர்காரனுக்குப் பசிச்சா நான் இன்னாத்துக்குய்யா சோறு துன்னணும்?”

அன்றே கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பதினோரு நிமிஷம் பின்னால் தள்ளிவிட்டார். அதை எனக்கு யாரும் சொல்லவில்லை. நான் வேலை பார்த்த இன்ஷூரன்ஸ் ஆபீஸ் விழுப்புரத்தில். தினமும் காலையில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் ஸ்டேஷனுக்கு நடப்பேன். மறுநாள் நான் பிளாட்பாரத்தில் நுழைந்தபோது ரயிலின் முதுகுதான் தெரிந்தது. திரும்பி வந்து கத்தினேன்.

அவர் அசரவில்லை. “நீ கரெக்டாத்தான் வந்துக்கினு இருக்கே சார். ட்ரெயின்தான் பதினோரு நிமிஷம் முந்தி ஓடிடுச்சு. அவனப் போய்க் கேளு.”

யாரைப் போய்க் கேட்பது?

நேரத்தோடு விட்டிருந்தால் தொலைகிறது என்றிருப்பேன். அடுத்து சொந்தம் கண்டுபிடிக்க ஆரம்பித்தார். திண்டிவனத்து ரேகையை ஒட்டி இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரும் பங்காளிகளாம். தெற்கே மயிலாடுதுறை, திருவாரூர், திருத்துறைப்பூண்டி. வடக்கே வந்தவாசி, திருத்தணி, வாரங்கல், இமயமலையில் அல்மோரா. எல்லோர் தலைக்கும் ஒரே நேரத்தில் சூரியன் வருகிறது, இதைவிட என்ன ஒட்டு உறவு வேண்டும் என்பார். அந்த ஊர்க்காரர்களுக்கு ஜெராக்ஸ் பாதி விலை. விஷயம் தெரிந்த காலேஜ் பிள்ளைகள் கூட்டமாக வந்து, “அங்கிள், நாங்க திருவாரூரு” என்றார்கள். அத்தனையும் பக்கத்து ஊரான மயிலத்து முகங்கள். அவரும் ஆனந்தமாக எடுத்துக் கொடுத்தார்.

ஹைவே ஓட்டலில் தந்தூரி அடுப்பில் நின்ற ஒருவர் அல்மோராக்காரர் என்று தெரிந்ததும் ஓடிப் போய்க் கட்டிப் பிடித்துக்கொண்டார். இவருக்கு இந்தி தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. அந்த மனுஷன் கையில் ரொட்டிக் கம்பியோடு, தப்பு ஏதும் செய்துவிட்டோமோ என்று முதலாளியைப் பார்த்து விழித்துக்கொண்டு நின்றார்.

ஒரு நாள் கடை வாசலிலிருந்து தெருவின் குறுக்கே, வடக்கு தெற்காக மஞ்சள் பெயின்ட்டில் கோடு போட்டார். இரண்டே நாளில் ஊர் பைக்கெல்லாம் அந்தக் கோட்டை ஒட்டி வரிசையாக நின்றது. “டேய், அது பூமியோட கோடுடா! வண்டி உட்ற கோடு இல்ல! எடுங்கடா ஜல்தி!” என்று தொண்டை கிழியக் கத்தினார். யார் கேட்கிறார்கள்? டிராபிக் போலீஸ்காரர் வேறு வந்து, கோட்டுக்கு வெளியே நின்ற வண்டிகளை அதட்டிவிட்டுப் போனார். அதில் என் வண்டியும் ஒன்று.

இத்தனை பாசத்துக்கும் எதிர்ப்பக்கமாக ஒரு பகை வேண்டுமே. அது விழுப்புரம். “ஜங்ஷன் அங்க, கலெக்டர் அங்க, அல்லாம் அங்க. நம்ம ரேகையில இல்லாத ஊருக்கு எதுக்குய்யா இவ்ளோ மவுசு?”

“விழுப்புரத்து வழியாகவும் ஒரு ரேகை போகிறதே அண்ணா” என்றேன்.

“போவும். அது நேரா நெய்வேலிக்குப் போவும். அங்க இன்னா கீது, கரி!”

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் மகள் கலைவாணிக்கு மாப்பிள்ளை தேடும்போதும் இதே பைத்தியம் தொடர்ந்ததுதான் கொடுமை. சாதி கேட்கவில்லை, ஜாதகம் கேட்கவில்லை, சம்பளம்கூடக் கேட்கவில்லை. தரகர் மயிலாடுதுறையிலிருந்து தங்கமான வரன் கொண்டுவந்தார். போனில் வீட்டைத் தேடி, அது ரேகையை விட்டுக் கிழக்கே விலகியிருப்பதைப் பார்த்துவிட்டு, “ஊட்டக் கெயக்க தள்ளிக் கட்டிக்கினாங்கய்யா” என்று உதட்டைப் பிதுக்கினார். தரகர் அதற்குப் பிறகு அந்தத் தெருவிலேயே கால் வைக்கவில்லை.

கலைவாணிக்கு விழுப்புரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை. என்னோடுதான் ரயிலில் வருவாள். ஒரு நாள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, “சார், உங்க ஆபீஸ் ஆரோக்கியராஜைத்தான் கட்டிக்கப் போறேன். அப்பாகிட்ட நீங்க சொல்றீங்களா?” என்றாள். ஆரோக்கியராஜ் எனக்குப் பக்கத்து நாற்காலி. குணத்தில் குறை சொல்ல முடியாத பையன். கிறிஸ்தவக் குடும்பம். அசல் விழுப்புரம். அதாவது, அவள் அப்பா கணக்கில் சூரியன் நாற்பது விநாடி தாமதமாக வருகிற ஊர்.

சொன்னேன். அன்று சாயங்காலமே மாடிக்குத் தண்ணீர் மோட்டார் நின்றுவிட்டது. “நீதான் மேக்கேருந்து இட்டுக்கினு வந்தியா?” என்று என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கலைவாணி சாப்பிடாமல் படுத்துவிட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் போனைப் பிடுங்கிக் கிணற்றில் போட்டிருப்பேன். ஒரு பெண்ணின் வாழ்க்கையை யாரும் கண்ணால் பார்க்காத ஒரு கோட்டில் கட்டித் தொங்கவிடுவதற்கு எந்த அப்பனுக்கு உரிமை இருக்கிறது?

ஞாயிற்றுக்கிழமை அவருடைய பெரியப்பா மகன் கண்டமங்கலத்திலிருந்து நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நானும் கீழேதான் இருந்தேன்.

“நீ கரெக்டா சொல்லிட்டே தம்பி. உட்றாதே. வேத்து மதம், வேத்து சாதி. நம்ம மானம் இன்னா ஆவறது?”

பதினோரு நிமிஷம் எழுந்து நின்றார். “மதமா? அதப் பத்தி இங்க எவன் பேசினான்? பையன் நாப்பது செகண்டு மேக்க கீறான், அதான் என் பேஜாரு!”

“எதுவோ ஒண்ணு. வேணாம்னு ஆச்சில்ல?”

“எதுவோ ஒண்ணா?” முகம் சிவந்துவிட்டது. “நான் சொல்றதுக்கு சூரியன் சாட்சி கீது. நீ சொல்றதுக்கு எவன் சாட்சி? என் காரணமும் உன் காரணமும் ஒண்ணாய்யா?”

அப்போது உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். கலைவாணி தட்டில் தொடாமல் விட்ட சோறு கையில். “ஏங்க, நான் எந்த ஊரு?”

“கெடாரு.”

“கெடாரு விழுப்புரத்துக்கும் மேக்க. என்னைக் கட்டிக்கும்போது உங்க ரேகை எங்க போயிருந்துச்சு?”

“அப்ப போன்ல மேப்பு வரலைடி” என்றார், சுருதி இறங்கி.

“வராததுனாலதான் நல்லா இருந்தோம்.”

அவர் தட்டைப் பார்த்தார். உள்ளே படுத்திருந்த மகளைப் பார்த்தார். பிறகு கண்டமங்கலத்துப் பெரிய மனிதர்களைப் பார்த்தார். இவர்களோடு ஒரே கட்சியில் நிற்கிறோம் என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். “எந்திரிங்கய்யா அல்லாரும். கல்யாணத்துக்குப் பத்திரிகை வரும். வந்து துன்னுட்டுப் போங்க” என்றார். அன்றைக்கே மோட்டாரும் ஓடியது.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸில் நடந்தது. அன்று சாயங்காலம் மண்டபத்தில் விருந்து. பத்திரிகையில் ‘திண்டிவனம் மணிப்படி’ என்று அச்சடித்திருந்தார். நம் ஊர் விருந்துக்கு எவன் சரியான நேரத்துக்கு வந்தான்? யாரும் கவனிக்கவே இல்லை. அவருக்குத்தான் அதில் கொஞ்சம் வருத்தம்.

பிறகு எனக்கு மாற்றல் வந்து சென்னைக்குப் போய்விட்டேன். போன மாதம் ஒரு வேலையாகத் திண்டிவனம் போனபோது, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே கால் அந்தக் கடைக்குத்தான் போனது. மதிய நேரம். சாப்பிடாமல் போகக்கூடாது என்று பிடித்து உட்காரவைத்துவிட்டார். எனக்கோ கொலைப் பசி. சுவர்க் கடிகாரம், அவருடைய கடிகாரம், பன்னிரண்டைத் தொட்டது. அவர் வாசலில் நின்றபடியே இருந்தார்.

உள்ளேயிருந்து அவர் மனைவி, “சோறு ஆறுது!” என்றார்.

“உங்க மணிக்கே பன்னிரண்டு ஆகிவிட்டதே அண்ணா. இன்னும் எதற்கு நிற்கிறீர்கள்?” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கொஞ்சம் இரு சார். பாப்பா ஊர்ல இன்னும் உச்சி ஆவல.”

அந்த மனுஷனைத் திட்டிக்கொண்டே நானும் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றேன்.