எம்பசி காக்காவின் மஞ்சள் கோடு

உலகத்தில் எந்த விமான நிலையத்திலும் எம்பசி காக்காவைப் போலக் கண்டிப்பான அதிகாரி இருக்க முடியாது. நான் பார்த்த விமான நிலையங்கள் இரண்டுதான் என்றாலும் இதைத் துணிந்து சொல்வேன்.

அவர் அதிகாரியே அல்ல. கல்முனையில், எங்கள் ஒழுங்கை முடக்கில், சந்து திரும்பும் இடத்தில், போட்டோ கொப்பிக் கடை வைத்திருப்பவர். விசாவுக்கும் விண்ணப்பித்துக் கொடுப்பார். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம். விசா வேலை செய்வதால் முன்னால் எம்பசியை, அதாவது தூதரகத்தை, சேர்த்தது ஊர். அவருடைய சொந்தப் பெயரை அவரது மனைவியும் மறந்திருக்கக்கூடும்.

கடையின் சீமெந்துத் தரையில், விமான நிலையத்தில் உள்ளதுபோல, ஒரு மஞ்சள் கோடு கிடக்கும். ஒருவர் உள்ளே நின்றால் மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வந்தவரிடமும் “எங்க போறீங்க? என்னத்துக்கு? எப்ப திரும்பி வாறீங்க?” என்று கேட்டுவிட்டுத்தான் இயந்திரத்தை அழுத்துவார். மீன் வியாபாரி ஒருவர் ஒருநாள், “சந்தைக்குப் போறன், மீன் முடிஞ்சா வருவன்” என்றார்.

“மீன் முடியாட்டி? அங்கயே தங்கிருவீங்களா? பின்னுக்கு நில்லுங்க.”

இந்தக் கண்டிப்புக்கு ஒரு காரணம் உண்டு. அவருடைய மச்சான் மலேசியாவுக்குச் சுற்றிப் பார்க்கும் விசாவில் போனார். என்னத்துக்கு வந்தீர் என்று அங்கே கேட்டார்கள். மச்சான் உண்மையாளர். “சினேகிதன்ட கடையில சும்மா ஒத்தாசையா நிக்க” என்றார். அந்த விசாவில் போனவர் கடையில் நிற்க முடியாது என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். சினேகிதனுக்குக் கட்டிக்கொண்டு போன நெத்தலிக் கருவாடும் கூடவே திரும்பி வந்தது. அதைப் பொரித்துச் சாப்பிட்ட அன்றுதான் கோடு கீறினாராம் காக்கா.

நான் அந்தக் கோட்டைத் தாண்டிப் போனது என் மகனுக்காக. கட்டாரில் வேலை செய்யும் என் கணவருக்கு, மகன் பிறந்தபோது லீவு கிடைக்கவில்லை. அவன் தவழத் தொடங்கிய பிறகும் வாப்பாவைப் போனில்தான் பார்த்திருந்தான். முகம் தெரிந்ததும் திரையை நக்குவான். கடைசியில் அவருக்கு ஒரு மாத லீவு கிடைத்தது. ஆனால் நாட்டை விட்டு ஊருக்கு வரக் கம்பெனி அனுமதிக்கவில்லை, நாங்கள்தான் போக வேண்டும். இந்த மாதம் தவறினால் அடுத்தது எப்போது என்று சொல்ல ஆளில்லை. எனக்கோ, வீட்டைப் பூட்டிவிட்டு வெளிக்கிட்டால் பாதி வழியில் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கும் சுபாவம்.

“பாஸ்போட்” என்று கையை நீட்டினார் காக்கா. புரட்டினார். “ரிஜெக்ட்.”

“ஏன் காக்கா? இன்னம் காலம் இரிக்கே?”

“நாலு மாசம் இரிக்கி. ஆறு மாசம் இரிக்கணும். முதல்ல புதிசு எடுங்க. புள்ளைக்கு?”

“அவன் என்ட கைக்குள்ளதானே காக்கா இரிக்கான்...”

“கைக்குள்ள இருந்தாலும் அவன் வேற ஆள். தனிப் பாஸ்போட், தனி விசா. நீங்க உள்ள போனா அவன் பிளேனடியில நிப்பானா?”

கோட்டுக்கு வெளியே நின்ற என் உம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “தம்பி, பால் குடிக்கிற புள்ளைக்கு என்னத்துக்கு விசா? அவன் என்ன அங்க போய் கடையா போடப் போறான்?”

“மாமி, அங்கால நிண்டு கதைங்க.”

படம் எடுத்த கதை தனி. பின்னணி வெள்ளை, கண் திறந்திருக்க வேண்டும், பிடித்திருப்பவரின் கை தெரியக் கூடாது. உம்மாவை வெள்ளைச் சீலையால் மூடி, மடியில் மகனை வைத்தோம். சீலைக்குள்ளிருந்து உம்மா எம்பசியை ஏசினார். மகன் நிமிரவேயில்லை. அப்போது காக்கா சட்டென்று ஆடு மாதிரிக் கத்தினார். மகன் கண்ணை அகல விரித்தான். அந்தத் திகைப்போடுதான் இன்றைக்கும் அவன் பாஸ்போட்டில் இருக்கிறான்.

புதுப் பாஸ்போட்டும் இரண்டு விசாவும் வந்த பிறகு, கட்டாரில் கேட்கப்போகும் கேள்விகளுக்கு ஒத்திகை தொடங்கியது. காக்காதான் அதிகாரி.

“எப்ப திரும்பிப் போவீங்க?”

“இன்ஷா அல்லாஹ், லீவு முடிஞ்ச உடன...”

“நிப்பாட்டுங்க! இன்ஷா அல்லாவ மனசுக்குள்ள சொல்லுங்க. வாயால திகதிய மட்டும் சொல்லுங்க. இழுத்தா, திரும்பிப் போவாவோ மாட்டாவோ எண்டு சந்தேகப்படுவாங்க.”

உம்மா நெஞ்சில் கை வைத்தார். “படச்சவன்ட நாட்டம் இல்லாம எந்த எம்பசிக்காரன் இவள கொண்டு போய்ச் சேர்ப்பான்?”

எங்கள் வீடுகளில் நாளைக்குக் கறி வைப்பதைக்கூட, ‘இறைவன் நாடினால்’ என்ற அந்தச் சொல் இல்லாமல் சொல்ல மாட்டோம். காக்கா சொன்னதா, உம்மா சொன்னதா? மீன் பொரித்துக்கொண்டே இரண்டு விதமாகவும் சொல்லிப் பார்த்தேன். கடைசியில் இன்ஷா அல்லாவை விழுங்கிவிட்டுத் திகதியைத் துப்பப் பழகிக்கொண்டேன்.

கட்டார் விமான நிலையத்தில் கண்ணாடிக்குப் பின்னால் இளம் அதிகாரி ஒருவர். எங்கள் பாஸ்போட்டுகளைப் புரட்டினார். எப்போது திரும்புவீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பது போல, நாள், மாதம், ஆண்டோடு ஒப்புவித்தேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். “இன்ஷா அல்லாஹ் சொல்லுங்கள்” என்றார்.

பக்கத்து வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். முத்திரை விழுந்தது.

ஊர் திரும்பியதும் இதைச் சொல்லவென்றே மகனைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். காக்கா அசரவில்லை. “அவர் டியூட்டிக்குப் புதுசு போல” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “புள்ள வாப்பாட்ட போனானா?” என்று கேட்டார்.

முதலில் போகவில்லை என்றேன். போனுக்குள் இருக்க வேண்டிய முகம் கையை நீட்டிக்கொண்டு வந்ததும் விமான நிலையம் அதிரக் கத்தினான். இரண்டொரு நாளில் வாப்பாவின் தோளை விட்டு இறங்க மறுத்தான். திரும்பி வரும்போது அவனைப் பிரித்தெடுக்க எனக்குக் கை போதவில்லை. இப்போதெல்லாம் போனில் வாப்பாவைக் கண்டால் நக்குவதில்லை, தன்னைத் தூக்கச் சொல்லி இரண்டு கையையும் நீட்டுகிறான்.

காக்கா இயந்திரத்தின் பக்கம் திரும்பி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியை வெகுநேரம் துடைத்தார்.

“அவர இஞ்ச வரச் சொல்லுங்க தங்கச்சி” என்றார் திரும்பாமலே. “ஊட்டுக்கு வாறத்துக்கு விசா தேவல்ல.”

அன்று பின்னேரம் அதை அப்படியே என் கணவருக்கு எழுதி அனுப்பினேன். எம்பசி என்று எழுத விரல் போகவில்லை. ‘எங்கட காக்கா சொன்னார்’ என்றுதான் எழுதினேன்.