அட்டையில அமுக்கிப் பழகு

நம்மிடையே ஓர் இனம் உண்டு. பொருள் வாங்கும், உறையைப் பிரிக்காது. புது நாற்காலியின் பிளாஸ்டிக் தாளோடு உட்கார்ந்து, வியர்வையில் அதோடு ஒட்டிக்கொண்டு, எழும்போது சர்ரென்று சத்தம் வர எழுந்து, கால் சட்டையைச் சரிசெய்துகொண்டு, "உப்புக் காத்துல்லா!" என்று நமக்கு விளக்கமும் சொல்லும். தூத்துக்குடியில் இருந்துகொண்டு இதை யார் மறுக்க முடியும்? ஜன்னல் கம்பியைத் தின்கிற காற்று, பைக் சைலன்சரைத் தின்கிற காற்று. இந்த இனத்தின் வீட்டுக்குள் வந்தால் மட்டும் பாவம், அது பட்டினி.

துறைமுகத்துப் பக்கம் சரக்கு கிளியரன்ஸ் ஆபீசில் வேலை பார்க்கும் சுந்தரராஜ் இந்த இனத்துக்குத் தலைமகன். தங்கமான மனிதர். மகள் ஜெப்ஸி படிப்பது வெளிநாட்டுப் பாடத்திட்டம். கணக்குப் பரீட்சைக்கு, கிராஃப் வரைந்து காட்டும் கால்குலேட்டர் கட்டாயம் வேண்டுமாம். விலை பதினாலாயிரம்! அதே கிராஃபை அவள் செல்போன் ஓசியிலேயே வரையும். ஆனால் பரீட்சை ஹாலுக்குள் செல்போன் போகக் கூடாதே! "உள்ளங்கை அகல டப்பாவுக்கா இந்த வெல?" என்று கடைக்காரரிடம் மூன்று தடவை கேட்டுவிட்டு, கிறிஸ்மஸுக்குப் பைக் மாற்றும் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிட்டு வாங்கினார். அதுவரை அப்பா. அதன்பின் காவல்காரர்.

கால்குலேட்டர் துணிக்குள் போயிற்று, துணி பாலிதீன் பைக்குள், பை பீரோவுக்குள், பீரோ சாவி அவர் சட்டைப் பைக்குள்.

"யப்பா, பரீச்சைக்கு முன்னால பழகணும்லா?" என்றாள் ஜெப்ஸி.

"ஏளா, அதுக்குத்தான அது வந்த காலிப் பெட்டிய ஒங்கிட்ட தந்திருக்கேன்? எல்லாப் பட்டனும் அட்டையில அச்சு அசலாப் போட்ருக்கான். அதுல அமுக்கிப் பழகு."

நம்ப மாட்டீர்கள், பழகினாள். எந்தப் பட்டனை அமுக்கினாலும் திரையில் ஒரே அலைதான். அச்சடித்த அலை வேறென்ன செய்யும்?

"அடுப்புப் படத்துல தோச சுடச் சொல்லுதிய," என்றார் மனைவி ஜெயபாய்.

"ஒனக்கு அதோட வெல தெரியுமா?"

விலை தெரிந்தவரோடு யாரால் வாதாட முடியும்?

பரீட்சையன்று காலையில்தான் பேட்டரி போட்டுக் கையில் கொடுத்தார். "கீழ போட்றாத," என்றார். ஜெபமும் செய்தார். ஆண்டவரே, ஈரக் கை படாமல் காத்தருளும் என்று அதில் ஒரு வரி வந்தது.

ஹாலில் கருவி முதன்முதலாகக் கண் விழித்தது. எந்த மொழி வேண்டும் என்று கேட்டது. அட்டையில் இந்தக் கேள்வியே இல்லையே! ஜெப்ஸி பதறிப்போய் எதையோ அமுக்கிவிட்டாள். அதற்குப் பிறகு அது அவளுக்குத் தெரியாத ஏதோ ஒரு மொழியில் பேச ஆரம்பித்துவிட்டது. தட்டுத் தடுமாறி அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் கடைசிப் பெரிய கேள்விக்கு நேரமில்லாமல் போயிற்று.

வாசலில் சுந்தரராஜ் காத்து நின்றார். மகள் கண் கலங்கி வருவதைப் பார்த்ததும் பதறிப்போய் ஓடினார்.

"ஏளா, மிஷினுக்கு ஒண்ணும் ஆகலயே?"

ஜெப்ஸி கால்குலேட்டரை அவர் கையில் வைத்தாள். "மிஷின் பாஸுப்பா. எம் பாடுதான் தெரியல."

இரண்டாம் தாள் அடுத்த வாரம். வீட்டுக்கு வந்ததும் மனிதர் பீரோ சாவியையும் கால்குலேட்டரையும் மகளிடம் கொடுத்தார். "உப்புக் காத்து..." என்று ஆரம்பித்தவர், ஜெயபாய் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். அன்று ராத்திரி ஜெப்ஸி அமுக்க அமுக்க, அலை விதவிதமாக வந்தது. அவரும் எட்டி எட்டிப் பார்த்தார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள், நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்ததும் கையில் இருக்கும் இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். அட்டை கசங்கக் கூடாதென்று பழைய காலண்டர் தாளில் உறை போட்டிருப்பது யாராம்?