அலமாரிக்குள் ஒரு வயிற்றுவலி

லிப்ட் மெக்கானிக் ஹெட்போனைக் கழற்றியபோது, துணி அலமாரியின் கதவை யாரோ தட்டிக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நேரமாகத் தட்டினார்களோ, அலமாரிக்குள் நின்றவருக்குத் தெரியாது. காதை அடைத்துக்கொண்டால் அப்படித்தான்.

வெளியே மனைவி.

"என்னங்க, உள்ள என்ன பண்றீங்க? 'உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு என்ன?'ன்னு கீழ் வீட்டு அக்கா வந்து கேட்டுட்டுப் போறாங்க."

"ஏன், எனக்கென்ன?"

"ரொம்ப நேரமா முனகுறீங்களாம்."

மனிதருக்கு முகம் செத்துவிட்டது. அவர் முனகவில்லை. பாடிக்கொண்டிருந்தார்.

அதை எப்படிச் சொல்வது? பத்து வருஷத்துக்கு முன் மகள் ஆசைப்பட்டு வாங்கிய கீபோர்டை, "பாட்டு சோறு போடுமா?" என்று கத்தி, பெட்டியைப் பிரிக்காமலே கடையில் திருப்பிக் கொடுத்தவர் அவர். இப்போது ஐம்பத்தெட்டு வயதில் அதே ஆசை தனக்கு வந்துவிட்டது என்று தெரிந்தால், மகளுக்கு எதிரே எப்படி உட்கார்ந்து சாப்பிடுவது?

"வயித்து வலி," என்றார்.

எல்லாம் ஒரு இசைக்கருவிக் கடைக்காரனால் வந்தது. அவன் கடை லிப்டைச் சரிசெய்யப் போனவர், அங்கே மாட்டியிருந்த மைக்கைப் பார்த்து மயங்கிவிட்டார். தெரிந்தவர் பையனுக்கு என்று பொய் சொல்லி விசாரித்தார்.

"ஒரு மைக், கம்ப்யூட்டர்ல சொருக ஒரு சின்னப் பெட்டி, காதை மூடுற ஹெட்போன். ஆரம்பத்துக்கு இது போதும் சார். சாப்ட்வேர் அந்தப் பெட்டியோட இலவசமாவே வரும்."

சும்மா கொடுக்கிறவன் எதையோ பிடுங்கப் பார்க்கிறான் என்பது மெக்கானிக்கின் எண்ணம்.

"இலவசம் வேணாம்ப்பா. காசு குடுத்து வாங்குற மாதிரி இருக்கா?"

இருந்தது. கடைக்காரன் முகம் மலர்ந்தது. அந்த சாப்ட்வேரில் எழுபது வாத்தியங்களும், பெரிய மண்டபத்தில் பாடுவதுபோல் குரலை மாற்றும் பொத்தான் ஒன்றும் இருந்தன. மெக்கானிக்குக்குக் கடைசிவரை புரிந்தது அந்தப் பொத்தான் மட்டும்தான்.

"எதிரொலி வராம இருக்க, துணிங்களுக்கு நடுவுல நின்னு பாடச் சொல்லுங்க சார்," என்றும் சொல்லி அனுப்பினான். துணி எதிரொலியைத் தின்னும். சத்தம் வெளியே போவதைத் தடுக்காது. அதை அவன் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. ஹெட்போனுக்குள் வாத்தியங்கள் முழங்க, மண்டபம் அதிர, மெக்கானிக் பாடினார். வெளியே போனது வெறும் தொண்டை.

மறுநாள் உஷாராகக் குரலைத் தணித்து, அடித்தொண்டையில் பாடினார். கீழ் வீட்டு அக்கா படிக்கட்டிலேயே மறித்தாள்.

"நேத்து வலி மேல இருந்துச்சு போல. இன்னைக்கு அடிவயித்துக்கு எறங்கிடுச்சே. விட்டுடாதீங்கண்ணே!"

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மகள் மாத்திரையோடு வந்தாள்.

"வலிக்கும்போது அலமாரிக்குள்ள ஏம்ப்பா போறீங்க?"

"இருட்டுல இருந்தா குறையுதும்மா."

"அப்போ அங்கயே இருங்கப்பா," என்றாள் அவள், பரிவாக.

மூன்றாம் நாள் மைக்குக்கும் தனக்கும் நடுவில் கனத்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டார். குரல் மைக்குக்கு எட்டவில்லை. எட்டட்டும் என்று கத்தினார். அரை மணி நேரத்தில் மச்சான் காரோடு வாசலில் நின்றார்.

"இவ்ளோ வலியை எப்படித் தாங்குறீங்க மாப்ள?"

"இப்போ பரவால்ல மச்சான்."

"தெருமுனை வரைக்கும் கேக்குது, பரவால்லயாம்! பேசாம ஏறுங்க."

டாக்டர் வயிற்றை அமுக்கினார். வலிக்கவில்லை என்றால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று, வலிக்கிறது என்றார் மெக்கானிக். எந்தப் பக்கம் என்று கேட்டபோது, வீட்டில் எந்தப் பக்கம் சொன்னோம் என்பது மறந்துபோய் இரண்டு பக்கமும் காட்டினார். பத்து நாளைக்கு ஊசி. சாப்பாட்டில் உப்பு, காரம் கூடாது.

நாலாவது ஊசிக்குப் போனபோது மெக்கானிக்கின் கண் கலங்கிவிட்டது. லீவு போட்டுக் கூட வந்த மகள், வெளியே பெஞ்சில் அவர் சட்டையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கீபோர்டு போன அன்றைக்கும் அவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இந்தப் பிள்ளையைப் போய் ஏமாற்றுகிறோமே என்று நினைத்ததும் அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

அறைக் கதவைச் சாத்திவிட்டு நர்சிடம் மெல்லச் சொன்னார்.

"அம்மா, எனக்கு வலியே கிடையாது. அலமாரிக்குள்ள நின்னு பாட்டு பாடிட்டிருந்தேன். ஊசி வேணா போட்டுக்கோங்க, என் பொண்ணுக்கு மட்டும் தெரியக் கூடாது. தெரிஞ்சா அவ மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

நர்ஸ் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஊசியில் மருந்தை ஏற்றினாள்.

"இது வெறும் சத்து ஊசிதான், திரும்பிப் படுங்க, 'எங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா எங்கப்பா ஹாலுக்கே வந்து பாட ஆரம்பிச்சிடுவாரு, அதனால வயித்து வலியாவே இருக்கட்டும் சிஸ்டர்'னு உங்க பொண்ணு முதல் நாளே வந்து சொல்லிட்டுப் போயிடுச்சு."